கனடாவை வெளியே எடுத்த மேஜர்

போன மாதம், முகமாலைப் பக்கம் இன்னமும் மிதிவெடி அகற்றிக்கொண்டிருக்கும் எங்கள் பழைய அணிப் பிள்ளைகள் என்னைத் தங்கள் முகாமுக்குக் கூப்பிட்டார்கள். புதிதாக ஒரு இயந்திரம் வந்திருக்கிறதாம், வந்து பார்க்கவேண்டுமாம். போனேன். சின்ன உழவு இயந்திரம் மாதிரி ஒன்று, ஆள் இல்லாமலே பற்றைக்குள் புகுந்து முள்ளையும் புல்லையும் நறுக்கித் தள்ளிக்கொண்டு போனது. அதை ஓட்டுகிற பிள்ளை தூரத்தில் தகரக் கொட்டிலுக்குக் கீழே கதிரையில் இருந்தபடி, கையில் ஒரு பெட்டியை வைத்து இரண்டு கட்டைவிரல்களாலும் ஆட்டிக்கொண்டிருந்தாள். முழங்கால் நோவதில்லையா என்று கேட்டேன்.

"இல்லையக்கா, கழுத்துத்தான் நோகுது" என்றாள்.

தேத்தண்ணி குடிக்கும்போது இன்னொருத்தி, என் சேவைக் காலத்தில் வெளியே எடுக்க ஆகக் கஷ்டப்பட்டது எது என்று கேட்டாள். அவர்கள் எதிர்பார்த்தது ஏதாவது ஒரு வெடியின் பெயரை. நான் யோசிக்காமல் "ஒரு பசு" என்றேன். கதையைச் சொல்லி முடிக்குமுன் எல்லாருடைய தேத்தண்ணியும் ஆறிவிட்டது. எழுதித் தாருங்கள் என்றார்கள். பசுவைப் பற்றி எழுதுவதானால் மேஜர் வெர்னரைப் பற்றியும் எழுதவேண்டும். அவர் இல்லாமல் அந்தப் பசு வெளியே வந்திருக்காது. ஒருவேளை அவர் இல்லாவிட்டால் அது அவ்வளவு நாள் உள்ளே நின்றும் இருக்காது. இரண்டையும் எழுதுகிறேன்.

என் பெயர் ஞானமலர். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தவரின் மகள். இப்போது சண்டிலிப்பாயில் மகளோடு இருக்கிறேன். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோய்விட்டன. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் கிறிஸ்தவர்கள், முழந்தாளிலே நின்று ஜெபிக்கிறதாலே வந்திருக்கும் என்றார். ஜெபித்தது உண்மைதான் என்றேன், ஆனால் கோவிலில் இல்லை.

சண்டை முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது கணவர் நோயில் போய்ச் சில வருடங்களாகியிருந்தன. வீட்டுக்குக் கூரை இல்லை. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகளும், அப்பா தந்த இங்கிலீசும் மிஞ்சியிருந்தன. மிதிவெடி அகற்றும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மொழிபெயர்ப்பாளர் தேடுகிறது என்று கேள்விப்பட்டுச் சாவகச்சேரியில் ஒரு வாடகை வீட்டுக்கு நேர்முகத்துக்குப் போனேன். கதவு நிலைக்குக் குனிந்து, மெலிந்த நெடிய ஒரு வெள்ளைக்காரர் அறைக்குள் வந்தார். அறுபதை ஒட்டிய வயது. நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார். சப்பாத்து மினுங்கியது. ஜேர்மன் இராணுவத்தில் மேஜராக இருந்து விலகியவர் என்று வெளியே இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஒரே ஒரு வசனத்தை இங்கிலீசில் சொல்லித் தமிழில் சொல்லச் சொன்னார். சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்தி மேலாளரிடம் கேட்கவேண்டும் என்பதுதான் வசனம். அப்பாவின் மகள் அல்லவா, நான் எழும்பி நின்று, "தங்களுக்கு ஏதேனும் ஐயப்பாடு தோன்றுமிடத்து, மேற்கொண்டு செயற்படாது, தங்கள் மேற்பார்வையாளரை அணுகி ஆலோசனை பெறுவீர்களாக" என்றேன்.

அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அவன் இறந்துவிட்டான்" என்றார்.

யார் என்று கேட்டேன்.

"நீங்கள் யாருக்குச் சொன்னீர்களோ, அவன். நீங்கள் பாதி சொல்லும்போதே காலை வைத்துவிட்டான். திரும்பச் சொல்லுங்கள்."

எனக்குக் கோபம் வந்தது. ஊரில் பேசுகிற மாதிரியே, "ஐமிச்சமெண்டால் நில்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். தானும் சொல்லிப் பார்த்தார். ஐமிச்சம் அவர் வாயில் ஐம்ஷம் ஆனது. அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாடங்களை எல்லாம் நான்தான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்த்ததாலே எல்லாம் பாடமாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைப்பதைவிட நிலத்தில் முழந்தாளிடுகிறவர்களுக்குச் சம்பளம் கூட என்று தெரிந்ததும் நானும் சோதனை எழுதிச் சேர்ந்தேன். பிறகு ஒரு பகுதிக்குத் தலைவியாகவும் ஆனேன். ஆனால் மேஜர் ஊர்ச் சனத்தோடு பேசவேண்டி வந்தால், மண்ணில் இருந்து என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

மேஜர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போட்டால் ஆட்கள் திடுக்கிடுவார்கள், திடுக்கிட்டால் கை ஆடும் என்பார். காலையில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து முகக்கவசத்தில் கீறல் இருக்கிறதா, மேலங்கியின் பட்டிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்ப்பார். பிறகு தானும் வந்து வரிசையில் நிற்பார். அவரை நான் பார்க்கவேண்டும். ஒருநாள் நான் அரைக்கண்ணால் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றேன். அவர் முதுகுப்புறத்துப் பட்டியை வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டு வந்திருக்கிறார். "காலை வணக்கம், ஞானமலர். இன்றைக்கு என்னைக் கொன்றுவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அவருடைய கணக்கில் நான் அந்த வருடம் பலரைக் கொன்றிருந்தேன்.

தமிழ் படிக்கவேண்டும் என்றார். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதிகாரி ஒருவர் தன் கீழ் வேலை செய்கிறவர்களை நீ, வா, போ என்று பேசிப் பழகக்கூடாது என்பது என் எண்ணம். ஆகவே நீங்கள், வாருங்கள், இருங்கள் என்ற மரியாதைச் சொற்களை மட்டுமே கற்பித்தேன். வேறு விதமாகவும் பேசலாம் என்றே அவருக்குத் தெரியாது. முகாமில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து "தயவுசெய்து எழும்புங்கள்" என்பார். சமையல்காரனைவிட நாய்க்கு மரியாதை கூட என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொன்னால்தான் பசுவின் கதை விளங்கும். சந்தேகமான நிலத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருப்போம். நாடாவில் இருந்து உள்ளே ஒரு ஆள் முழந்தாளிடக்கூடிய அகலத்துக்கு ஒரு ஒடுங்கிய பாதை வெட்டிக்கொண்டு போவோம். அதை லேன் என்போம். முன்னால் ஒரு சிவப்புத் தடி குறுக்கே கிடக்கும். அந்தத் தடிக்கு இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. தடிக்கு அங்கால் முதலில் கம்பி ஏதும் கட்டியிருக்கிறதா என்று மெல்லிய ஈர்க்கால் தடவுவோம். பிறகு புல்லைக் கத்தரித்து எடுப்போம். பிறகு உலோகம் இருந்தால் கத்தும் கருவியைப் பிடிப்போம். சத்தம் வந்தால், பக்கவாட்டில் இருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவோம். ஒன்றும் இல்லையென்றால் தடியை ஒரு சாண் முன்னால் நகர்த்துவோம். பெரும்பாலும் கிடைப்பது ஆணியும் மீன்ரின் மூடியும். யார் புதைத்தார்கள் என்று எங்கள் வேலையில் கேட்பதில்லை. இரண்டு பக்கமும் புதைத்ததுதான்.

அந்தத் தை மாதக் காலையில் நான் லேனுக்குள் இருந்தேன். நாடாவுக்கு வெளியே ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"கனடா! கனடா உள்ளுக்கை போட்டுது!"

பரமேசக்காதான். புதிதாக மீளக் குடியேறியவர்களில் ஒருத்தி. தகரக் கொட்டிலில் தனியே இருந்தாள். கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய காசில் வாங்கியதாலே அவளுடைய பசுவுக்கு அந்தப் பெயர். அதன் பால்தான் அவளுடைய சீவியம். நிறைமாதச் சினைப்பசு, நாய் துரத்தக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, நாடா தொய்ந்திருந்த ஒரு இடத்தால் உள்ளே பாய்ந்துவிட்டது. மொட்டைப் பனை ஒன்றுக்குப் பக்கத்தில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. எங்கள் லேனின் நுனியில் இருந்து ஒரு பஸ் நீளம் இருக்கும். அந்தப் புல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

உள்ளே ஏதாவது புகுந்தால் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வரவேண்டும், கொழும்பில் உள்ள தலைமை அலுவலகத்துக்கும் உடனே அறிவிக்கவேண்டும் என்பது விதி. ரேடியோவில் இருந்த நிர்மலா கெட்டிக்காரி, ஆனால் இங்கிலீஷ் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாள். கனடா மிதிவெடி நிலத்துக்குள் போய்விட்டது என்று அறிவித்துவிட்டாள். அந்த வாரம் எங்களுக்குப் பணம் தரும் கனடாக்காரர் சிலர் பார்வையிட வருவதாக இருந்தது, அவளுக்குத் தெரியாது. கொழும்பில் இருந்த அதிகாரி எத்தனை பேர் என்று கேட்டார். ஒன்று என்றாள். நடக்கிறாரா, நிற்கிறாரா என்று கேட்டார். நிற்கிறது, கர்ப்பமாக இருக்கிறது என்றாள். அசையவேண்டாம் என்று சொல்லுங்கள், பதற்றப்படுகிறாரா என்று கேட்டார். இல்லை, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்றாள். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். புல்லு என்று நிர்மலா சொன்ன பிறகுதான் அந்த மனிதருக்கு மூச்சு வந்திருக்கும்.

இதற்குள் மேஜர் வந்துவிட்டார். பரமேசக்கா நாடாவைத் தாண்டப் பார்க்க, நானும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டிருந்தோம். மேஜர் விதியைச் சொன்னார். மிருகம் உள்ளே போனால் அது தானாக வெளியே வரும்வரை விடவேண்டும், மனிதர் எவரும் அதன் பின்னால் போகக்கூடாது, அதைக் காப்பாற்ற லேன் வெட்டவும் கூடாது, மிருகம் எந்த நேரமும் ஒன்றை மிதிக்கலாம் என்பதே காரணம் என்று நீளமாக விளக்கினார். நான், பசு தானாக வரும்வரை பொறுக்கட்டாம் என்றேன்.

"அவர் உவ்வளவு நேரம் கதைச்சவர், நீ ரெண்டு சொல்லோடை முடிக்கிறாய்" என்றாள் பரமேசக்கா. "மிச்சத்தை ஏன் பிள்ளை ஒளிக்கிறாய்?"

முழுவதையும் சொன்னேன். மிதிக்கலாம் என்ற இடத்தில் அவள் இன்னும் வேகமாகத் திமிறினாள். சொல்லாமலே விட்டிருக்கலாம்.

தான் கூப்பிட்டால் வரும் என்றாள். கூப்பிட்டாள். கனடா காதைக் கூட ஆட்டவில்லை. வாளியில் தவிடும் புண்ணாக்கும் கரைத்துக் கொண்டுவந்து ஆட்டினாள். பசு ஒருதரம் நிமிர்ந்து பார்த்தது. உள்ளே இருபது வருடம் யாரும் மேயாத புல் இடுப்பளவுக்கு நிற்க, புண்ணாக்கு யாருக்கு வேண்டும்? கடைசியில் மேஜரே நாடாவுக்குக் கிட்டப் போய் நின்றார். கையை நீட்டி, அமைதியான குரலில், "தயவுசெய்து வெளியே வாருங்கள்" என்றார். எங்கள் பிள்ளைகள் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தார்கள். பசு அவரைக் கனநேரம் பார்த்தது. பிறகு மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

பின்னேரம் வேலை முடிந்தும் பரமேசக்கா போகவில்லை. நாடா ஓரத்தில் சாக்கை விரித்து இருந்துவிட்டாள். விடிய எழும்பித் தானே உள்ளே போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்போவதாக என்னிடம் சொன்னாள். வீம்புக்குச் சொல்லவில்லை, சந்தைக்குப் போகிறேன் என்பது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பயம் வந்து மேஜரிடம் சொன்னேன். அவர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் போட்டார். அவளிடம் கதிரையில் இருங்கள் என்றார். அவள் மாட்டேன் என்றதும், தானும் நீண்ட கால்களை மடக்கித் தரையில் இருந்தார். கதிரை நடுவில் சும்மா நின்றது.

"உவர் பட்டாளத்திலை பெரிய ஆள் எண்டு சொல்லினம்" என்றாள் அவள். "எந்தச் சண்டையிலை நிண்டவராம், கேள் பிள்ளை."

கேட்டேன். ஒன்றிலும் இல்லை என்றார்.

"எத்தனை பேரைச் சுட்டவராம்?"

ஒருவரையும் இல்லை என்றார்.

பரமேசக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப உவ்வளவு காலமும் என்னத்துக்குச் சம்பளம் வாங்கினவராம்?"

இதை மொழிபெயர்க்க நான் தயங்கினேன். ஒன்றையும் விடாமல் சொல்லும்படி கேட்டார். சொன்னேன். நியாயமான கேள்வி என்று தலையாட்டிவிட்டு, தன் சேவையைப் பற்றி முதல்தடவையாகப் பேசினார்.

அவர் பிறந்தபோது ஜேர்மனி இரண்டாக இருந்தது. அவர் கிழக்குப் பாதி. இருபது வயதிலேயே இராணுவத்தின் பொறியியல் பிரிவில் சேர்ந்துவிட்டார். ஒவ்வொரு வருடமும் அதே ஆற்றுக்குக் குறுக்கே அதே பாலத்தைக் கட்டி, எதிரி வருவான் என்று காத்திருந்து, எதிரி வராததாலே பாலத்தைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்களாம். எதிரி கடைசிவரை வரவே இல்லையாம். இந்த இடத்தில் பரமேசக்கா, அது நல்ல உத்தியோகம்தானே என்றாள்.

லெப்டினன்டாக இருந்தபோது வேறு வேலை கொடுத்தார்கள். இரண்டு ஜேர்மனிக்கும் நடுவே இருந்த எல்லையில் மிதிவெடி புதைக்கும் வேலை. அங்கால் இருந்து வருகிறவர்களுக்கோ என்று அவள் கேட்டாள். இல்லை, இங்கால் இருந்து எங்கள் சனம் ஓடிப்போகாமல் இருக்க என்றார். புதைத்த நிலத்தில் புல் வளர்ந்தது. இரவில் மான்கள் மேய வரும். வெடிச் சத்தம் கேட்டால் காவல் அறையில் எல்லாரும் இன்றைக்கும் மான் என்று சிரிப்பார்களாம். அவரும் சிரித்திருக்கிறார்.

"ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தோம்" என்றார். "மான் இல்லை."

நான் அதை அப்படியே சொன்னேன்.

"ஆராம்?"

"ஒரு தச்சுத் தொழிலாளி. பெயர் எனக்குத் தெரியும்."

அவள் பெயரைக் கேட்கவில்லை. அவர் மிச்சத்தைச் சுருக்கமாகச் சொன்னார். சில வருடங்களுக்குப் பிறகு அதே நிலத்தில் இருந்து அதே வெடிகளை எடுக்கும்படி அவருக்கே கட்டளை வந்தது. எடுத்தார். மேஜரானார். பிறகு ஒருநாள் அவருடைய நாடே இல்லாமல் போய்விட்டது. மற்ற ஜேர்மனியின் இராணுவம், ஒரு பதவி கீழே இறக்கிச் சேர்த்துக்கொள்கிறோம் என்றதாம். தனக்குத் தெரிந்தது ஒரே வேலை, அதைப் புதைக்கிற பக்கமாகவும் செய்து பார்த்தாயிற்று, எடுக்கிற பக்கமாகவும் செய்து பார்த்தாயிற்று, இனி எடுக்கிற பக்கம் மட்டும் போதும் என்று வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து மற்றவர்களின் சண்டை முடிந்த இடங்களுக்கு எல்லாம் போய்க்கொண்டிருக்கிறார்.

பரமேசக்கா எழும்பிச் சாக்கை உதறி மடித்தாள். "சரி பிள்ளை, நான் உள்ளுக்கை போகேல்லை எண்டு அவரிட்டைச் சொல்லு" என்றாள்.

மறுநாள் காலை மேஜர் எங்களை வரிசையில் நிற்கவைத்து, பசுவைக் காப்பாற்ற லேன் வெட்ட விதியில் இடமில்லை என்பதை மறுபடியும் சொன்னார். பிறகு வரைபடத்தை விரித்தார். இந்த நிலம் முழுவதையும் எப்படியும் நாங்கள் துப்புரவாக்கத்தான் போகிறோம், எந்த மூலையை முதலில் எடுப்பது என்பது தன்னுடைய அதிகாரத்துக்கு உட்பட்டது, இன்றைக்கு அந்த மொட்டைப் பனைப் பக்கத்தை எடுக்கலாம் என்று தனக்குத் தோன்றுகிறது என்றார். கேள்வி ஏதும் உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார். யாருக்கும் இல்லை.

நான் முன்னுக்கு இருந்து வெட்டினேன். மத்தியானம்வரை பனையை நோக்கி வெட்டிக்கொண்டு போக, கனடா மேய்ந்து மேய்ந்து வலது பக்கம் போனது. லேனை வலது பக்கம் திருப்பினோம். அது இடது பக்கம் வந்தது. அது ஒவ்வொரு தடவை காலைத் தூக்கி வைக்கும்போதும் நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடிப்போம், வைத்த பிறகு விடுவோம். பின்னேரம் பார்த்தால் எங்கள் லேன் சாரைப்பாம்பு ஊர்ந்த மாதிரிக் கிடந்தது. மேஜர் அதை வரைபடத்தில் நேர்த்தியாகக் கீறினார். கொழும்பு ஏன் இப்படி என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். நிலத்தின் தன்மை என்றார்.

அதற்கடுத்த நாள் விடிந்தபோது பசு மொட்டைப் பனைக்குக் கீழே படுத்திருந்தது. பக்கத்தில் ஈரமாக, கால்களைப் பரப்பியபடி ஒரு கன்று எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாடாவுக்கு வெளியே பரமேசக்கா கும்பிட்டாள், அழுதாள், பிறகு கன்று ஆணோ பெண்ணோ, நாம்பனோ நாகோ என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மேஜர் கேட்டது ஒரே கேள்வி. கன்று எப்போது ஓடத் தொடங்கும்?

"இண்டைக்கு நடக்கும். நாளைக்குத் துள்ளும்" என்றாள்.

பசு கவனமாகக் கால் வைக்கும், கன்றுக்கு என்ன தெரியும். நான் வேகமாக வெட்டட்டுமா என்று கேட்டேன். மெதுவாக என்றார். நேற்றையைவிட மெதுவாகச் செய்யுங்கள், இன்றைக்கு உங்கள் மனம் கையைவிட முன்னால் ஓடுகிறது என்றார். அவர் சொன்னது சரி. கன்றுக்கு ஒரு கை நீளம் இருக்கும்போது கருவி கத்தியது. பக்கத்தில் இருந்து சுரண்டினேன். வெண்ணெய் டப்பா அளவில், பச்சை நிறத்தில், வெடியின் ஒரு பக்கம் தெரிந்தது. கன்று படுத்துப் புரண்டிருந்தால் வால் அதன் மேல் விழுந்திருக்கும். நான் அடையாளக் குச்சியை நட்டுவிட்டு, அதைச் சுற்றிப் பக்கவாட்டால் வெட்டிப் பனையடிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். கனடா எழும்பி நின்றது. கன்று ஈன்ற பசுவுக்கு முன்னால் பெரிய முகக்கவசமும் நீல மேலங்கியும் போட்ட ஒன்று முழந்தாளிட்டுக்கொண்டிருந்தால் அது என்ன நினைக்கும்? தலையைத் தாழ்த்தி மூசியது. ஓடக்கூடாது என்று வருடக்கணக்காக மற்றவர்களுக்குப் படிப்பித்தவள் நான். வந்த வழியே, முழந்தாளிலேயே, பின்னோக்கி ஊர்ந்து வளைவுக்கு வளைவு வெளியே வந்தேன். எங்கள் விதியில் வெடிக்கு என்ன செய்வது என்று இருந்தது, கொம்புக்கு இல்லை.

பரமேசக்கா சொன்னாள், தான் போனால் நிற்கும் என்று. மேஜர், வெளியார் எவரும் லேனுக்குள் போகமுடியாது என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"பார்வையாளர்கள் போகலாம்" என்றார்.

அது உண்மை. பணம் தருகிறவர்கள் வந்தால், துப்புரவாக்கிய லேனுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவோம். அதற்கு ஒரு முறை இருந்தது. மேஜர் அதில் ஒன்றையும் விடவில்லை. பரமேசக்காவை வரைபடத்துக்கு முன்னால் கதிரையில் இருத்தி, நிறுவனத்தின் சார்பில் அவளை வரவேற்று, எங்கள் வேலையைப் பற்றிய முழு விளக்கத்தையும் கொடுத்தார். நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். இந்தமுறை ஏன் இவ்வளவு நீளமாகக் கதைக்கிறாய் என்று அவள் எனக்குக் கடுகடுத்தாள். இரத்த வகை என்ன என்று கேட்டார். சிவப்பு என்றாள். அம்புலன்சில் இருந்த மருத்துவப் பிள்ளை அவளுடைய விரலில் குத்திப் பார்த்துச் சொல்லும்வரை மேஜர் அசையவில்லை. பிறகு சேலைக்கு மேலால் மேலங்கியைக் கட்டி, முகக்கவசத்தை மாட்டி, பட்டிகளைத் தானே இழுத்துப் பார்த்தார்.

மேஜர் முன்னால், பரமேசக்கா நடுவில், நான் பின்னால். மேஜர் வெடி இருந்த இடத்துக்குப் பக்கத்தில், லேனுக்குள் நின்று அதைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு அவளை முன்னால் விட்டார். கனடா அவளை மதிக்கவில்லை. எங்களைப் போலவே இன்னொரு பூதம் என்று நினைத்து மறுபடியும் தலையைத் தாழ்த்தியது. பரமேசக்காவுக்கு அவமானமாகப் போய்விட்டது. முகக்கவசத்தைத் தூக்கினாள். தூக்கக்கூடாது என்று நான் சொல்லுமுன்னம் ஏச்சு தொடங்கிவிட்டது.

"மூதேவி! மூண்டு நாளா என்ரை சீவனை எடுத்துப்போட்டு இப்ப எனக்கே கொம்பு காட்டுறியோ? ஆர் உனக்குத் தவிடு கரைச்சது? உந்த வெள்ளைக்காரனோ?"

பசுவின் காது நிமிர்ந்தது. கொம்பு தாழ்ந்த தலை மெல்ல மேலே வந்து, அவளுடைய மேலங்கியை முகர்ந்து பார்த்தது. மேஜர் என்னைப் பார்த்து, அவள் என்ன சொன்னாள் என்று மெதுவாகக் கேட்டார். வாருங்கள் என்றாள் என்றேன்.

பரமேசக்கா கன்றைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கன்று எங்கே போகிறதோ அங்கே பசு. வரிசை திரும்பியது. இப்போது நான் முன்னால், பிறகு கன்றோடு அவள், கன்றின் வாலை நக்கிக்கொண்டு கனடா, கடைசியாக மேஜர். வளைவுகளில் பசுவின் வயிறு லேனின் ஓரங்களில் கட்டியிருந்த நாடாவில் உரசியது. மேஜர் பின்னால் இருந்து, "மெதுவாக நடவுங்கள்... நன்றி... மெதுவாக" என்று அதனுடன் பேசிக்கொண்டே வந்தார். வெளியே வந்ததும் எங்கள் பிள்ளைகள் கை தட்டவில்லை. தட்டினால் பசு வெருளும் என்று எல்லாருக்கும் தெரியும். சும்மா நின்று பார்த்தோம். நிர்மலா மட்டும், கனடா வெளியே வந்துவிட்டது, பிள்ளையும் சுகம் என்று கொழும்புக்கு அறிவித்தாள். கன்று நாகு. அதற்கு ஜேர்மனி என்று பெயர் வைப்பதா என்று நாங்கள் கேட்டோம். பரமேசக்கா, அங்கே எனக்கு ஒருத்தரும் இல்லை, ஏன் வீணாக என்று சொல்லிவிட்டாள்.

கொழும்பு விட்டுவிடவில்லை. வளைந்து நெளிந்த லேனையும், கொட்டிலில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணைப் பணம் தருகிறவர்களின் பட்டியலில் பார்வையாளராகச் சேர்த்ததையும் விசாரித்து மேஜருக்குக் கண்டனம் அனுப்பியது. அதை அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டி, எல்லாம் ஒழுங்கு என்றார். அடுத்த நாள் காலை வழக்கம்போல வரிசையில் வந்து நின்று, தன் பட்டிகளைப் பார்க்கச் சொன்னார்.

அந்த நிலம் முழுவதும் துப்புரவாகி முடிய மறுவருடமாகிவிட்டது. கையளிக்கும் நாளில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், இருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். கனடாக்காரர்களும் உண்மையாகவே வந்திருந்தார்கள். வழக்கம் என்னவென்றால், வேலையை முடித்தவரே முதலில் அந்த நிலத்துக்குக் குறுக்கே நடந்து காட்டவேண்டும், பிறகு நிலத்துக்காரர் நடப்பார். நிலத்தில் பெரிய பங்கு பரமேசக்காவுடையது. அவள் புதுச் சேலை உடுத்து வந்திருந்தாள்.

மேஜர் மினுங்கும் சப்பாத்தோடு நடந்தார். அவள் பின்னால் போனாள். கொஞ்சத் தூரம் போனதும் எல்லாரும் கண்டுவிட்டோம். அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேஜர் கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வைத்து, அடுத்த அடையாளத்துக்குக் கெந்திக் கெந்திப் போய்க்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரர்களில் ஒருவர் சிரித்தார். மேஜர் திரும்பிப் பார்த்தார். என்னைக் கையால் கூப்பிட்டார். இங்கே ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் எடுத்தாயிற்று, எங்களில் நம்பிக்கை இல்லையா என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன்.

"அவரை நம்புறன் எண்டு சொல்லு பிள்ளை" என்றாள் பரமேசக்கா, ஒரு காலைத் தூக்கியபடியே. "உங்களையும் நம்புறன். நிலத்தைத்தான் இன்னும் நம்பேலாமல் கிடக்கு."

இதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். மேஜர் திரும்பி நடக்கத் தொடங்கினார். அந்த நெடிய மனிதர், அதிகாரிகளும் வெளிநாட்டாரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் நீண்ட கால்களைச் சுருக்கி, அவளுடைய கால் எட்டுகிற அளவுக்குச் சின்னச் சின்ன அடியாக வைத்து, மற்றக் கரைவரை நடந்துபோனார்.